சாம்பல் நிறக் கம்பளியும் என் மகளின் துறவறமும்

என் மகள் கன்னியாஸ்திரியாகப் போகிறாள் என்று நான் ஓர் ஒக்டோபர் மாதம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். சந்தேகப்பட்டேன் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் அது பொய். நம்பினேன். எந்த மடம், எந்த நாடு, வருடத்தில் எத்தனை தடவை பார்க்க விடுவார்கள் என்பதுவரை மனதுக்குள் முடிவுசெய்து வைத்திருந்தேன்.

தோளுக்குப் பின்னால் நின்று இதை வாசிக்கும் என் மனைவி றெஜினா, "உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ. உங்களை நல்லவனாக் காட்டாதேங்கோ" என்கிறாள். இந்தத் தொடரில் இதுவரை அந்த ஆபத்து வந்ததில்லை. இந்த வாரமும் வராது.

முதலில் அந்த மாலையைச் சொல்கிறேன்.

தென் லண்டன், நோர்பரியில் எங்கள் வீட்டு முன்னறை. அந்த ஆண்டில் முதன்முதலாக ஹீட்டிங் போட்ட நாள். கோடை முழுக்க ரேடியேட்டரில் படிந்திருந்த தூசி சூடாகி, இலேசாகக் கருகுகிற மணம் வீடெங்கும். என் மகள் ஜெனிற்றா சோபாவின் மூலையில் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் மருந்தாளர் படிப்பு, இரண்டாம் ஆண்டு. அந்த வயதுப் பிள்ளையின் கையில் கைபேசி இருக்க வேண்டும். இருந்தது இரண்டு நீண்ட ஊசியும் ஒரு நூல் பந்தும். நூலின் நிறம் சாம்பல்.

"என்ன பிள்ளை அது?"

"பின்னுறன் அப்பா."

"அது தெரியுது. என்ன பின்னுறாய்?"

"தெரியேல்லை. சும்மா."

"ஆருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்லை அப்பா. சும்மா பின்னுறன்."

ஊசிகள் ஒன்றோடொன்று முட்டி மெல்லிய சத்தம் எழுப்பின. அவள் முகத்தில் ஓர் அமைதி. அந்த அமைதிதான் என்னைக் கலக்கியது. எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் அப்படியொரு முகம் வாய்த்ததில்லை.

படிக்கட்டுச் சுவர்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் சும்மா செய்ததில்லை. இதை நீங்கள் விளங்கிக்கொண்டால்தான் என் மடத்தனத்துக்குக் கொஞ்சமாவது மன்னிப்புக் கிடைக்கும்.

ஜெனிற்றா வயலின் பழகினாள், அதற்குத் தேர்வு. பரதம் பழகினாள், அதற்குத் தேர்வு. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு ஆண்டுத் தேர்வு. தண்ணீரில் மிதந்ததற்குக்கூட ஒரு சான்றிதழ் தந்தார்கள். எல்லாவற்றையும் சட்டம் போட்டுப் படிக்கட்டுச் சுவரில் மாட்டியவன் நான்தான். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு மேல்மாடிக் கழிப்பறைக்குப் போக அவசரம் என்றாலும், என் மகளின் சாதனைகளை முழுதாக வாசித்துக்கொண்டுதான் ஏறவேண்டும்.

ஆகவே ஒரு பிள்ளை ஒரு காரியத்தைத் தொடங்கினால், அதன் மறுமுனையில் ஏதோ ஒன்று காத்திருக்கிறது என்பது எங்கள் சனத்தின் ஆழ்ந்த நம்பிக்கை. பின்னலின் மறுமுனையில் என்ன இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இத்தனைக்கும் நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். தோர்ண்டன் ஹீத் சந்தியில் என் மாணவர் பஸ்ஸை நோக்கி நேரே போனாலும் என் குரல் உயராது. என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மெதுவாக அமத்திவிட்டு, "பரவாயில்லை, திரும்ப எடுங்கோ" என்பேன். என்னைப் போல நிதானமானவர் தென் லண்டனிலேயே இல்லை என்று சொல்வார்கள். வீட்டுக்குள் அந்த இரண்டாவது பிரேக்கை யாரும் பூட்டித் தரவில்லை.

அடுத்த கிழமை ஜெனிற்றா தாயிடம் கேட்டாள்.

"அம்மா, அந்தப் பெரிய சட்டியை வெள்ளிக்கிழமை நான் கொண்டு போகட்டோ?"

அது கோயில் திருநாளுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்குகிற சட்டி. ஒரு சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டலாம்.

"அதுக்குள்ளை என்ன பிள்ளை சமைக்கப்போறாய்?"

"பருப்பும் பூசணிக்காயும் அம்மா. என்னோடை படிக்கிற தர்ஷினியின்ரை ஹொஸ்டலிலை எல்லாருக்கும்."

வெள்ளிக்கிழமை. மரக்கறி. எல்லோருக்கும். மூன்று சொல்லும் எனக்குள் கோயில் மணி மாதிரி ஒவ்வொன்றாக அடித்தன. மடங்களில் முறைவைத்துத்தானே சமைப்பார்கள்! பிள்ளை பயிற்சி எடுக்கிறாள்.

சனிக்கிழமை காலையில் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். பழைய ஓவியங்களைப் பார்க்கப் போகிறாளாம்.

"என்ன மாதிரி ஓவியம் பிள்ளை?"

"எல்லாம்தான் அப்பா. கனக்க மாதா. கனக்க சம்மனசு."

மாதாவும் தேவதூதரும்! அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முட்டைக்காகப் போனவன்

பயப்பட எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இது இரத்தத்தில் ஓடுகிறதோ என்ற பயம்.

யாழ்ப்பாணத்தில் மீசை முளைக்காத வயதில், நானும் பாதிரியாராக, குருமடத்துக்குப் போகப்போவதாக அறிவித்தவன். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. எங்கள் கோயில் பங்கு மக்கள் சேர்ந்து ஒரு புதுச் சூட்கேஸ் வாங்கித் தந்தார்கள். அங்கே தினமும் காலையில் அவித்த முட்டை கொடுக்கிறார்கள் என்று ஒருவன் சொல்லியிருந்தான், அதுதான் என் தேவ அழைத்தல். போய்ப் பார்த்தால் முட்டை ஞாயிற்றுக்கிழமை மட்டும். கொஞ்ச நாளில் வீட்டு வாசலில் வந்து நின்றேன். அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சூட்கேஸைத் திருப்பிக் குடுத்திட்டு வா" என்றார், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தமிழ்ப் பூசையில் ஞாயிறுதோறும், துறவறத்துக்கு நிறையப் பிள்ளைகள் முன்வர வேண்டும் என்று ஒரு மன்றாட்டு வரும். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயிலிலேயே உரத்துப் பதில் சொல்பவன் நான்தான். பல வருடமாகச் சொல்லிவருகிறேன். மற்றவர்களின் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன் என்பது ஆண்டவருக்கு விளங்கியிருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்!

றெஜினாவிடமும் வாய் திறக்கவில்லை. அவள் முழங்காலில் விழுந்து நன்றி சொல்லத் தொடங்கிவிட்டால், எதிர்க்கட்சி வாங்கில் நான் தனியாக அல்லவா உட்கார வேண்டும்?

பகிடியை ஒரு நிமிடம் தள்ளி வைக்கிறேன். காலையில் அவள் படிக்கட்டில் தடதடவென்று இறங்குவாள். பாதி குடித்த தேநீர்க் கோப்பையை மைக்ரோவேவுக்குள் மறந்துவிட்டுப் போவாள். நான் அதைத் திரும்பச் சூடாக்கிக் குடித்துக்கொண்டே அவளைத் திட்டுவேன். அந்தச் சத்தமும் அந்தத் திட்டும் இல்லாத வீட்டை நான் நினைத்துப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

குதிரைக்கு முன்னால்

அடுத்த சனிக்கிழமை எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று மாணவர்களுக்குச் சொல்லிவிட்டு, மகளைப் பின்தொடர்ந்தேன்.

மாறுவேடமாக றெஜினாவின் ஊதா நிறக் கம்பளித் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டிருந்தேன். நோர்பரியில் அவள் ஏறிய ரயில் பெட்டிக்கு அடுத்த பெட்டியில் ஏறினேன். விக்டோரியாவில் இறங்கி அவள் நடந்தாள். பூங்காவுக்குள் மழையில் ஊறிய இலைகள் கால்களில் ஒட்டின. அவள் வேண்டுமென்றே இலைக்குவியலுக்குள் கால் வைத்து நடந்தாள். மடத்துக்குப் போகுமுன் கடைசியாக விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ட்ரஃபல்கர் சதுக்கத்து ஓவியக்கூடத்தில், கருஞ்சிவப்புச் சுவர் கொண்ட ஓர் அறை. நடுவில் ஒரு வாங்கு. எதிரே பெரிய படம்: நீல உடையில் மாதா, முன்னால் இறக்கையோடு சம்மனசு. ஜெனிற்றா எனக்கு முதுகைக் காட்டியபடி வாங்கில் அமர்ந்தாள். படத்தைப் பார்த்தாள். தலையைக் குனிந்தாள். மடியில் அவள் வலது கை சிறிது சிறிதாக அசைந்தது.

செபமாலை! மணி மணியாக உருட்டுகிறாள்!

பக்கத்து அறை வாசலுக்குள் ஒதுங்கி, அங்கே தொங்கிய ஒரு குதிரைப் படத்தை உற்றுப் பார்ப்பவன் போல நின்றேன். நெடுநேரம் நின்றேன். காவலுக்கு இருந்தவர் மெதுவாக என்னருகில் வந்தார்.

"உங்களுக்கு இந்தப் படம் மிகவும் பிடித்திருக்கிறது போல, சேர்?"

"நல்ல குதிரை" என்றேன் ஆங்கிலத்தில். அவர் இன்னும் எதிர்பார்த்தார். "நல்ல... உயரம்."

கலை பற்றி என் வாழ்நாளில் நான் சொன்ன கருத்து அது ஒன்றுதான்.

பொடியன் ஒருத்தனும் இல்லையோ?

எதிர்ப்பை உடனே தொடங்க வேண்டும் என்று தீர்மானித்தேன். உலக ஆசைகளைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும். சிவப்புக் கோட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "தாங்ஸ் அப்பா" என்று வாங்கி மாட்டிக்கொண்டு பின்னலைத் தொடர்ந்தாள். சாம்பல் நிறத் துணி அப்போது முழங்கால் தாண்டித் தரையைத் தொட்டிருந்தது. அங்கிதான், வேறு என்ன?

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். யாழ்ப்பாணத் தகப்பன் எவனும் தன் மகளிடம் கேட்டிராத கேள்வி. அவள் அடுப்படியில் ஏதோ சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, உன்ரை வகுப்பிலை பொடியன்மார் இருக்கினமோ?"

"இருக்கினம்."

"நல்ல பொடியன்மாரோ?"

"ஏன் அப்பா, ஆக்களுக்கு டிரைவிங் லெசனோ?"

"இல்லை... உனக்கு ஆரையும் பிடிச்சிருக்கோ எண்டு..."

அகப்பை நின்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வேதக்காரப் பொடியனாத்தான் இருக்கவேணும் எண்டில்லை" என்றேன். "சைவ சமயம் எண்டாலும் பரவாயில்லை." நான் இன்னும் இறங்கினேன். "வெள்ளை எண்டாலும் ஏலும். ஒருத்தனும் இல்லையோ? வடிவா யோசிச்சுப் பார்."

"அம்மா!" என்று கத்தினாள். "அப்பாவுக்குக் காய்ச்சல் அடிக்குது! வந்து நெத்தியைத் தொட்டுப் பாருங்கோ!"

றெஜினா வந்து தொட்டுப் பார்த்தாள். பனடோல் தந்தாள். குடித்தேன்.

ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ

ஞாயிறு பூசை முடிந்து கார் தரிப்பிடத்தில் பிலிப்பண்ணையைப் பிடித்தேன். எங்கள் பங்கில் செபமாலை முன்னின்று சொல்பவர் அவர். மனதிலிருந்த பாரத்தை இறக்கினேன்.

"அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ஜெனிற்றா மடத்துக்குப் போகப்போறாள் போலை கிடக்கு. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

பிலிப்பண்ணையின் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்தார்.

"என்ன செய்யிறதோ? நீ குடுத்து வைச்சவன்ரா!"

நான் கேட்கப் போனது, அதை எப்படி நிறுத்துவது என்று. அவர் என்னைக் கட்டிப்பிடித்ததில் என் வாய் அவர் கோட்டுக்குள் போய்விட்டது.

ஒக்டோபர் மாதம் எங்களுக்குச் செபமாலை மாதம். மாதாவின் சுரூபம் மாலைதோறும் வீடு வீடாக வரும். வந்த வீட்டில் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்வோம். பிறகு தேநீரும் ரோல்ஸும். சிலர் பின்னதற்காகவே வருவார்கள் என்பதை நான் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். எங்கள் வீட்டு முறை மாதக் கடைசியில் வந்தது. "இந்த முறை சாப்பாடு நான்தான் செய்வன்" என்றாள் ஜெனிற்றா. ஹலோவீனுக்காகக் கடைகளில் பூசணிக்காய் குவிந்திருந்தது. ஆட்டிறைச்சிக்குப் பதிலாக அதை மிளகும் வெங்காயமும் போட்டு வதக்கி, ரோல்ஸுக்குள் வைத்துச் சுருட்டினாள். அன்று பகலெல்லாம் வீட்டில் பொரியும் மணம். அவளுடைய சிநேகிதி தர்ஷினியும் உதவிக்கு வந்திருந்தாள். மலேசியத் தமிழ்ப் பிள்ளை. கிள்ளானிலிருந்து படிக்க வந்தவள்.

வழக்கமாக முன்னறைக்குள் அடங்குகிற கூட்டம் அன்று அடங்கவில்லை. சப்பாத்துகள் வாசலைத் தாண்டித் தெருவில் கிடந்தன. எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பிலிப்பண்ணையின் மனைவி ஞானக்கா இரண்டு பூமாலைகளோடு வந்தா. மாதாவுக்கு ஒன்று. மற்றது யாருக்கு?

மாதா பார்த்துக்கொண்டிருக்க

கடைசிப் பாட்டு முடிந்ததும் பிலிப்பண்ணை எழுந்து தொண்டையைச் செருமினார்.

"இண்டைக்கு இந்த வீட்டுக்கு மாதா மட்டும் வரேல்லை. பெரிய ஆசீர்வாதம் ஒண்டும் வந்திருக்கு."

"ரீ குடியுங்கோ! ஆறப்போகுது!" என்று நான் கூவினேன்.

"ரீ இன்னும் ஊத்தேல்லை" என்றாள் றெஜினா.

"எங்கடை பங்கிலையிருந்து ஒரு பிள்ளை..."

"ரோல்ஸ் எடுங்கோ! எல்லாரும் எடுங்கோ!"

அதற்குள் ஞானக்கா இரண்டாவது மாலையை ஜெனிற்றாவின் கழுத்தில் போட்டுவிட்டா.

"என்ரை குஞ்சு, எனக்காகவும் மன்றாடு. இந்த முழங்கால் நோவுக்கு."

"ஓகே அன்ரி... ஆனா ஏன் நான்?"

"நீதானே பிள்ளை மடத்துக்குப் போறாய்!"

"எங்க போறன்?"

எல்லோரும் பிலிப்பண்ணையைப் பார்த்தார்கள். பிலிப்பண்ணை என்னைப் பார்த்தார். நான் மாதாவைப் பார்த்தேன். அவ எனக்கு உதவிக்கு வரவில்லை.

"அப்பா," என்றாள் ஜெனிற்றா, கழுத்தில் மாலையோடு. "ஆர் யூ சீரியஸ்?"

வேறு வழியில்லை. அத்தனை பேர் முன்னிலையிலும் ஒன்றொன்றாகச் சொன்னேன். சாம்பல் நூல், தரையைத் தொட்ட அங்கி, வெள்ளிக்கிழமைச் சட்டி, வாங்கில் அமர்ந்து உருட்டிய செபமாலை.

"செபமாலையோ? நான் அந்தப் படத்திலை ஓரமா நிண்ட நாயைப் பாத்துப் பென்சிலாலை கீறிக்கொண்டு இருந்தனான் அப்பா."

"நாயோ?"

"ஓம். வடிவான நாய்."

"அப்ப அந்த அங்கி?"

"அது அங்கி இல்லை. எப்பிடி நிப்பாட்டுறது எண்டு எனக்குத் தெரியேல்லை. அதாலை நீண்டுகொண்டு போகுது."

தர்ஷினி மெதுவாக வாயைத் திறந்தாள். "அங்கிள், நாங்க உங்கள பாத்தோம்லா. நான் கோப்பி வாங்கிட்டு வரும்போது. குதிரை படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தீங்க. ஆன்ட்டியோட தொப்பி."

றெஜினா என் பக்கம் திரும்பினாள். அதை நான் விவரிக்கப் போவதில்லை.

ஆனால் ஜெனிற்றாவின் முகம் மாறிவிட்டது. சிரிப்பு வருகிற மாதிரி இருந்த முகம் சுருங்கியது.

"அப்ப நீங்கள் படம் பாக்க வரேல்லையோ? என்னைப் பாக்கத்தான் பின்னாலை வந்தனீங்களோ?" என்றாள். "நான் எவ்வளவு சந்தோசப்பட்டன் தெரியுமே? அப்பாவுக்கும் ஒரு ஹாபி வந்திட்டுது, சொல்ல வெக்கப்படுறார், நாங்கள் போய்க் குழப்பக் கூடாது எண்டு நினைச்சு, தர்ஷினியையும் இழுத்துக்கொண்டு மற்றப் பக்கத்தாலை வெளியிலை போனனான்."

மடத்துக்குப் போகாத மகளை, அந்த ஒரு நிமிடத்தில், நானே தொலைத்துவிடுவேனோ என்று இருந்தது.

"குதிரையும் நல்லாத்தான் இருந்தது" என்றேன்.

"பொய்."

"மெய்தான் பிள்ளை."

"என்ன நிறக் குதிரை? சொல்லுங்கோ."

"மண்ணிறம். முன்கால் ஒண்டைத் தூக்கி வைச்சிருக்கும். நெத்தியிலை வெள்ளை, ஆனா நேரா இல்லை, இடப்பக்கம் சரிஞ்ச வெள்ளை. வாலுக்குக் கிட்ட பெயின்ற் கொஞ்சம் வெடிச்சிருக்கு. அதின்ரை கண், என்னைக் கண்டு பயந்த மாதிரி இருந்தது."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து, கழுத்து மாலை குலுங்கி, பூவெல்லாம் கம்பளத்தில் கொட்டியது. தர்ஷினி சிரித்தாள். ஞானக்கா காரணம் விளங்காமலே எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தா.

"உங்களுக்குப் பயந்துதான் இருக்கும்" என்றாள் ஜெனிற்றா கண்ணைத் துடைத்தபடி. "அந்தத் தொப்பியோடை ஆர் வந்தாலும் பயப்பிடும்."

தேநீர் ஊற்றும்போது றெஜினா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"போன சோதினைக்குப் பிள்ளை நித்திரையும் இல்லாமல், தலைமயிரும் கொட்டி எப்பிடி இருந்தவள்? மார்க்ஸ் போடாத வேலை மூண்டு செய்து பாப்பம் எண்டு அவளும் தர்ஷினியும் பேசி முடிவெடுத்தவை. எனக்கு அப்பவே சொன்னவள்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சொன்னா சேர்டிபிகேட் எப்ப தருவினம் எண்டு கேப்பீங்கள்."

உண்மையில் அந்தக் கேள்வி அப்போதும் நாக்கு நுனியில்தான் இருந்தது.

பிலிப்பண்ணை மட்டும் கவலையோடு நின்றார். "இனி நான் பங்குச் சுவாமிக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"சுவாமிக்குமோ சொன்னனீங்கள்?"

"ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டுதான் சொன்னனான்."

ஞானக்கா ஒரு ரோல்ஸைக் கடித்து, மென்று, நிறுத்தினா. "உள்ளுக்கு என்ன இறைச்சி பிள்ளை?"

"பூசணிக்காய் அன்ரி."

ஞானக்கா கொஞ்சம் யோசித்தா. பிறகு கையிலிருந்ததை முடித்துவிட்டு, இன்னும் இரண்டைக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தா.

நடந்தது இதுதான். என் மகள் எந்த மடத்துக்கும் போகவில்லை. போக நினைத்ததும் இல்லை. அந்த இலையுதிர்காலத்தில் அவளுக்குச் சமைக்கப் பிடித்திருந்தது, பின்னப் பிடித்திருந்தது, படம் பார்க்கப் பிடித்திருந்தது. செய்தாள்.